சும்மா தொங்கும்போது எவ்வளவு

முப்பத்தொன்பதாவது வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதினேன். பதினாறு வயதில் எழுதியபோது மற்ற பாடங்களில் எல்லாம் தேறிக் கணக்கில் மட்டும் தவறியிருந்தேன். திரும்ப எழுதிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில் வருடங்கள் போய்விட்டன.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் அட்டெண்டர். மாணவர்கள் வருவதற்கு முன் மேசைகளைத் துடைப்பது, அன்றைய சோதனைக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைப்பது, அவர்கள் போன பிறகு சரிபார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டுவது ஆகியவை என் வேலை. எனக்கு மேலே லேப் அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் அலுவலகக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த எடத்துக்கு ஒங்களப் போடலாம்னு முதல்வர் சொல்றாரு. பத்தாவது பாஸ்தானே?"

"எல்லாத்துலயும் பாஸ் சார். கணக்குல மட்டும் இல்ல."

"அதுக்குப் பேரு ஃபெயில்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார்.

எங்கள் வீடு அரிமளத்தில். என் மனைவி கணிதத்தில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கல்யாணம் பேசும்போது எங்கள் பக்கத்தார் "பையன் காலேஜ்ல இருக்காரு" என்று சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. கீரமங்கலத்தில் அவள் வீட்டில் அதற்குமேல் யாரும் விசாரிக்கவும் இல்லை. கல்யாணமான மறுவாரம் அவளே காலேஜில் என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். "லேப்ல ஆசிட் கீசிட் எதுவும் கையில படுமா?" என்றாள். அது கெமிஸ்ட்ரியில், நான் பிசிக்ஸ் என்றேன். "அப்பச் சரி" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கண்காணிப்பாளர் சொன்னதை அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவாமலே திரும்பினாள்.

"தனித்தேர்வரா எழுதுங்க. நான் பாஸ் பண்ண வைக்கிறேன். ஆனா நான் சொல்றத மட்டும் செய்யணும். கேள்வி கேக்கக் கூடாது."

வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. சரி என்றேன்.

அவள் வழி தெளிவானது. முப்பத்தைந்து மார்க் வேண்டும். வடிவியல் படம் ஒன்றும் வரைபடம் ஒன்றும் சரியாகப் போட்டால் பதினாறு. ஒரு மார்க் கேள்விகளில் பாதி. மீதிக்கு, வருடா வருடம் வரும் சில கணக்குகளை அப்படியே மனப்பாடம் செய்துவிட வேண்டியது. அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் இந்த வழியில்தான் தேறுகிறார்கள். இதுவரை யாரும் தவறியதில்லை என்றாள். வரைபடத்தில் வளைவாக வருவது ஒன்று, நேர்க்கோடாக வருவது ஒன்று; இரண்டில் ஒன்றைப் போட்டால் போதும். "வளைவு ஒங்களுக்கு வராது. கோடு போதும்" என்று முடிவு செய்தாள். கோடாக வருவதற்குப் பெயர் நேர் மாறுபாடு.

பள்ளியிலிருந்து வந்து, டீ குடித்து, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் இருக்கும் நேரம்தான் எங்கள் வகுப்பு. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். அவள் குரல் அந்த நேரத்தில் மட்டும் மாறிவிடும்.

"x கூடக் கூட y-யும் அதே விகிதத்துல கூடினா நேர் மாறுபாடு. y = kx. இதுல k ஒரு மாறிலி. மாறவே மாறாது. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். பிறகு, "மாறுபாடுன்னு சொல்லிட்டு அதுக்குள்ள மாறாதது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன்.

"கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

மறுநாள் அவளே கேள்வி கேட்டாள். நேர் மாறுபாட்டுக்கு உதாரணம் சொல்லச் சொன்னாள். ஒன்று கூடினால் இன்னொன்றும் கூட வேண்டும், அவ்வளவுதானே என்று, "வயசும் ஒயரமும்" என்றேன்.

"இருபது வயசுல இருந்த ஒயரம் இப்ப ஒங்களுக்கு ரெண்டு மடங்கா ஆயிருச்சா?"

ஆகவில்லை. வேறொன்று யோசித்தேன். "நீ கோவப்பட்டா சத்தம் கூடுது."

அவள் சிரிக்கவில்லை. கணக்கு ஆசிரியையாகவே கேட்டாள். "ரெண்டு மடங்கு கோவப்பட்டா ரெண்டு மடங்கு சத்தமா?"

கொஞ்சம் யோசித்து உண்மையைச் சொன்னேன். "இல்ல. அப்ப சத்தமே வராது."

"அப்ப அது நேர் மாறுபாடு இல்ல. ரெண்டும் கூடுனா மட்டும் போதாது. இது ரெண்டு மடங்குன்னா அதுவும் ரெண்டு மடங்கு. இது மூணுன்னா அதுவும் மூணு. பாதின்னா பாதி. ஒண்ணுமில்லன்னா அதுவும் ஒண்ணுமில்ல. அதனாலதான் கோடு ஆதிப்புள்ளி வழியாப் போகுது. இத அப்படியே எழுதுனா ரெண்டு மார்க்."

கேட்பதற்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. காரணம் எங்கள் வீட்டு மாடித் தொட்டி. மோட்டார் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஓர் அடி தண்ணீர் ஏறும். மறுநாள் காலை போடும்போதே அரை அடி தண்ணீர் கிடந்தது. பத்து நிமிடத்தில் ஒன்றரை அடி. அவள் கணக்குப்படி இருபது நிமிடத்தில் மூன்றடி இருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். இரண்டரைதான் இருந்தது.

இதை அவளிடம் சொன்னேன்.

"தொட்டி காலியா இருக்குன்னு வச்சுக்கங்க" என்றாள்.

"நம்ம தொட்டிய என்னைக்குக் காலியா விட்டோம்?"

"கணக்குல காலி."

"கணக்குல காலின்னா, கணக்கு வேற தொட்டியப் பத்தில்ல பேசுது?"

அவள் பேனாவை மூடினாள். "ஒங்களுக்கு பாஸ் வேணுமா, தொட்டி வேணுமா?"

"எனக்குப் புரியணும்."

"புரியணும்னு இங்க யாரு கேட்டா? என் கிளாஸ்ல நாப்பது பேரு இருக்காங்க. ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல. எழுதுறாங்க, தேறுறாங்க, போறாங்க. நீங்க என்னமோ பெருசா..." என்று நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் வகுப்பு நடக்கவில்லை. அவள் உள்ளறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தினாள். மேசைமேல் ஒரு கோனார் உரை மாதிரியான தடித்த வழிகாட்டிப் புத்தகம், நான் படிக்க வேண்டிய பக்கம் மடித்துவைக்கப்பட்டு, கிடந்தது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பதினாறு வயதில் நான் தவறியதற்கும் இதுதான் காரணமோ என்று நினைத்தேன். பிறகு, அப்போது நான் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போது தவறியதற்குக் காரணம் படிக்காததுதான்.

அந்த வாரம் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஸ்பிரிங் சோதனை. ஒரு தாங்கியில் ஸ்பிரிங்கை மாட்டி, அதன் கீழே ஒரு கொக்கியைத் தொங்கவிட்டு, அதில் வட்ட எடைகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். ஸ்பிரிங் இழுபடும். கொக்கியில் இருக்கும் முள் பக்கத்தில் நிற்கும் அளவுகோலில் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பார்த்து எழுதுவார்கள். வருடந்தோறும் இந்தச் சாமான்களை எடுத்து வைப்பது நான்தான். எத்தனை ஸ்பிரிங், எத்தனை கொக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அன்று மாணவர்கள் போன பிறகு ஒரு தாங்கியை மட்டும் கழற்றாமல் வைத்துக்கொண்டேன். எடை கூடினால் நீளம் கூடுகிறது. எடை x, நீளம் y. வகுத்தால் k வர வேண்டும், அது மாறக்கூடாது. ஐம்பது கிராம் போட்டேன். முள் பதினான்கு சென்டிமீட்டரைக் காட்டியது. நூறு போட்டேன், பதினாறு. நூற்றைம்பதுக்குப் பதினெட்டு. இருநூறுக்கு இருபது. செல்போனில் வகுத்துப் பார்த்தேன். முதலில் 0.28 வந்தது. அடுத்து 0.16. அடுத்தது 0.12. கடைசியில் 0.10. மாறவே மாறாது என்று சொன்ன k ஒவ்வொரு வரியிலும் மாறிக்கொண்டிருந்தது.

லேப் அசிஸ்டென்ட் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "அண்ணே, இந்த ஸ்பிரிங்கு கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

தூரத்திலிருந்தே பார்த்தார். "நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதி, வரைபடமும் போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போனேன். கோடு என்னவோ நேராகத்தான் வந்தது. ஆனால் ஆதிப்புள்ளிக்கு வரவில்லை. வெகு மேலேயே நின்றுவிட்டது. அந்தத் தாளை மேசைமேல் வைத்தேன். நாங்கள் அப்போதும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் டீத் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தபோது பார்த்தாள். நின்றபடியே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கேர்ந்து அளந்தீங்க?"

"அளவுகோல்ல மேல பூஜ்யம் இருக்குல்ல, அங்கேர்ந்து."

"எடை ஒண்ணும் போடாம, சும்மா தொங்கும்போது எவ்வளவு?"

அதை நான் எழுதவில்லை. ஆனால் நினைவிருந்தது. "பன்னெண்டு."

"அந்தப் பன்னெண்டு ஒங்க எடையால வந்ததா?"

"இல்ல. அது ஸ்பிரிங்கோட நீளம்."

"அப்ப அத எதுக்கு எடைக் கணக்குல சேக்கறீங்க? எல்லாத்துலயும் பன்னெண்டக் கழிங்க."

கழித்தேன். பதினான்கு இரண்டானது. பதினாறு நான்கு. பதினெட்டு ஆறு. இருபது எட்டு. இரண்டை ஐம்பதால் வகுத்தேன். 0.04. நான்கை நூறால் வகுத்தேன். 0.04. ஆறை நூற்றைம்பதால் வகுப்பதற்குள்ளேயே என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் வகுத்தேன். எட்டையும் வகுத்தேன். நான்கு வரியிலும் அதே எண். எடையும் மாறியிருந்தது, இழுபட்ட நீளமும் மாறியிருந்தது. ஒரு கிராமுக்கு எவ்வளவு இழுபடும் என்பது மட்டும் மாறவில்லை. k என்பது கணக்கு வாத்தியார்கள் கொண்டுவந்து வைத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அந்த ஸ்பிரிங்கின் குணம். நான் பூட்டிவைத்த அலமாரிக்குள் அது இத்தனை வருடமாக இருந்திருக்கிறது.

டீயைக் குடித்தேன்.

"தொட்டியும் இப்படித்தான்" என்றாள் அவள், தாளைப் பார்த்தபடி. "முன்னாடியே கெடந்த அரை அடியக் கழிச்சுட்டு, மோட்டார் ஏத்துன தண்ணிய மட்டும் பாருங்க. பத்து நிமிசத்துக்கு ஒரு அடி, இருபதுக்கு ரெண்டு. அன்னைக்கே நான் இதச் சொல்லியிருக்கணும். காலின்னு வச்சுக்கங்கன்னு சொன்னது தப்பு."

"தெரியாமலா சொன்ன?"

"தெரியும். ஆனா யோசிக்கல. யாரும் கேட்டதில்ல, நானும் யோசிச்சதில்ல." பிறகு, "பரீட்சையில இதெல்லாம் வராது" என்றும் சொன்னாள். ஆனால் அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் பெட்டியில் இருந்த ஸ்பிரிங்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தடித்த ஸ்பிரிங்குக்கு k சிறியது. மெல்லியதுக்குப் பெரியது. ஒன்று எவ்வளவு எடை போட்டாலும் அசையவில்லை. அது ஸ்பிரிங்கே இல்லை, ஏதோ பம்ப்செட் சாமான் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொன்றின் k-யையும் சின்னத் தாளில் எழுதி அதனதன் தலையில் ஒட்டிவைத்தேன். யாருக்காவது உபயோகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

உபயோகமாகத்தான் இருந்தது. அடுத்த வகுப்பில் மாணவர்கள் இரண்டு மணி நேர வேலையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு கேன்டீனுக்குப் போனார்கள். மறுநாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு அடுக்கு நோட்டும் என் ஸ்பிரிங் ஒன்றும் இருந்தன.

"இத யாரு ஒட்டுனது?"

"நான்தான் சார்."

"ஒங்களுக்கு இந்த நம்பர் எப்படித் தெரியும்?"

"அளந்தேன் சார். எத்தன சென்டிமீட்டர் இழுபடுதோ அத எடையால வகுத்தேன்."

"அதான்" என்றார். "நாங்க எடையத்தான் நீளத்தால வகுப்போம். ஒங்க பக்கம் 0.04ன்னா எங்க பக்கம் இருபத்தஞ்சு. இப்ப கிளாஸ் முழுக்க ஒரே மாதிரி தலைகீழா எழுதி வச்சிருக்கான்."

"அப்ப நான் போட்டது தப்பா சார்?"

அவர் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். "தப்புன்னு சொல்ல முடியாது. எத எதால வகுக்குறோம்ங்கறதுதான். ரெண்டு பக்கமும் நேர் மாறுபாடுதான்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா அளந்திருக்கீங்க. எல்லாத்தையும் கிழிச்சுருங்க."

தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுக்க ஒரு மதியம் ஆனது.

பரீட்சை புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் நடந்தது. எழுத வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வருடம் தவறிய பிள்ளைகள். மனைவி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். அது ஒரு பிழை. நான் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

"ஒக்காருங்கப்பா. நானும் எழுதத்தான் வந்திருக்கேன்."

யாரும் நம்பவில்லை. நான் பெஞ்சுக்குள் காலை மடக்கி உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். பக்கத்து வரிசையில் இருந்த பெண், "கிராஃப் எதுங்க அங்கிள் படிச்சிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நேர் மாறுபாடு மட்டும் என்றேன். "எனக்கு அது புரியாது, நான் வளைவு மட்டும்தான்" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து வினாத்தாள் வரட்டும் என்று காத்திருந்தோம்.

அப்படித்தான் வந்தது. சீரான வேகத்தில் போகும் ஒரு பஸ், நேரம், தூரம். அட்டவணை போட்டேன், k கண்டுபிடித்தேன், கோடு வரைந்தேன். அது ஆதிப்புள்ளியில் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. அவள் சொல்லிக்கொடுத்த விடையை எழுதி முடித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: பஸ் புறப்பட்ட இடத்திலிருந்து தூரத்தை அளந்தால் மட்டும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அதுக்கெல்லாம் மார்க் குடுக்க மாட்டாங்க."

"கொறைக்கவும் மாட்டாங்கல்ல?"

"தெரியல. யாரும் இதுவரைக்கும் அப்படி எழுதுனதில்ல."

முடிவு வந்த அன்று அவள்தான் செல்போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானையால் திரையைத் துடைத்து மறுபடியும் பார்த்தாள். "பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கீரமங்கலத்துக்குப் பேசுவது கேட்டது. "நாப்பத்து மூணும்மா... ஆமா, நூத்துக்குத்தான்... பரவாயில்ல, பாஸ் பாஸ்தான்." குரல் ஒரு மாதிரி இருந்தது. வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

சான்றிதழ் நகலை அலுவலகத்தில் கொடுத்தேன். கண்காணிப்பாளர் இரண்டு தடவை பார்த்துவிட்டு வாங்கி வைத்தார். ஓய்வு பெறவிருந்த லேப் அசிஸ்டென்டுக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதை லேப் அசிஸ்டென்டே என்னிடம் நேரில் வந்தும் சொன்னார். "மக கல்யாணம் இருக்கு தம்பி. தப்பா நெனைக்காதீங்க" என்று பத்திரிகையைக் கையில் கொடுத்தார். தப்பாக நினைக்கவில்லை. குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு எனக்கு ஆணை வந்தது. என் பழைய இடத்துக்கு யாரையும் போடவில்லை. போடுவதாகச் சொல்கிறார்கள். காலையில் மேசைகளைத் துடைப்பது அட்டெண்டர் வேலை. சரியாகத் துடைக்கப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது லேப் அசிஸ்டென்ட் வேலை. நான் துடைத்துவிட்டு, கையைக் கழுவி, பார்த்து, கையெழுத்துப் போடுகிறேன்.

முதல் வாரம் இதை வீட்டில் சொன்னேன். அவள் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஆளு எப்படி, ஒழுங்காத் தொடைக்கிறாரா?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல" என்றேன். "மூலையெல்லாம் விட்டுட்டுப் போறாரு. சொல்லணும்."